நிறுவனக் கட்டமைப்பியலும் செயல்முறை மேலாண்மையும்: கணினிமயமாக்கலுக்கு முன் தீர்க்க வேண்டிய இரு வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்கள் தம் பணிகளைக் கணினிமயமாக்கிய பின்னரும் பழைய தாமதங்களும் தவறுகளும் புதிய திரையில் தொடர்வதுண்டு. கருவியின் குறைபாட்டைவிட, கருவி வருவதற்கு முன் தீர்க்கப்படாத இரண்டு வினாக்களே இதற்குப் பெரிதும் காரணமாகின்றன. பணி எவ்வழியே ஓடி முடிகிறது என்பது முதல் வினா. அப்பணியைத் தாங்கும் பிரிவுகளும் தரவுகளும் மென்பொருள்களும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பது இரண்டாம் வினா. முதல் வினாவைச் செயல்முறை மேலாண்மையும் இரண்டாம் வினாவை நிறுவனக் கட்டமைப்பியலும் ஆராய்கின்றன. இக்கட்டுரை இவ்விரு துறைகளின் தோற்றத்தையும் அடிப்படைக் கருத்துகளையும் விளக்குகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பின் வழக்குக் கோப்பு மென்பொருள், இந்தியாவின் கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம் ஆகிய மூன்று நிகழ்வுகளின் வழி, ஒரு துறையின்றி மற்றொன்று முழுப்பயன் தராது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிறுவனக் கட்டமைப்பியல், செயல்முறை மேலாண்மை, பணியோட்டம், மறுசீரமைப்பு, கணினிமயமாக்கல், கடவுச்சீட்டுச் சேவை

முன்னுரை

ஒரு நிறுவனத்தைப் படமாக வரையச் சொன்னால் பெரும்பாலோர் அதிகாரப் படிநிலையையே வரைவர். உச்சியில் தலைவர், அவருக்குக் கீழே துறைத்தலைவர்கள், அவர்களுக்குக் கீழே அலுவலர்கள் எனக் கிளைத்துச் செல்லும் அப்படம், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் தெளிவாகக் காட்டும். ஆனால் ஒரு குடிமகன் அளித்த விண்ணப்பம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் முடிகிறது என்பதைக் காட்டாது. அதிகாரம் மேலிருந்து கீழாக இறங்குகிறது. பணியோ துறைகளைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. இரு துறைகளுக்கு இடைப்பட்ட எல்லையில்தான் கோப்பு காத்துக் கிடக்கிறது. அந்த எல்லை எந்தத் துறைத்தலைவரின் பொறுப்பிலும் இல்லாததால், காத்திருப்புக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லாமல் போகிறார்.

இந்நிலையில் கணினி வாங்கப்படுகிறது. ஒவ்வொரு துறையும் தன் பணிக்கு ஏற்ற மென்பொருளைத் தனித்தனியே அமைத்துக்கொள்கிறது. தாளில் இருந்த படிவம் திரைக்கு வருகிறது. ஆனால் துறைகளுக்கு இடைப்பட்ட எல்லை அப்படியே நிற்கிறது. ஒரு துறையின் திரையில் உள்ள விவரத்தை அச்சிட்டு, அடுத்த துறையில் மீண்டும் தட்டச்சு செய்யும் வழக்கம் இவ்வாறுதான் பிறக்கிறது. இதனைத் தவிர்க்க உருவான இரு துறைகளே செயல்முறை மேலாண்மையும் நிறுவனக் கட்டமைப்பியலும். ஆங்கிலத்தில் முறையே ‘பிசினஸ் புராசஸ் மேனேஜ்மெண்ட்’, ‘எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என இவை வழங்கப்படுகின்றன. தனித்தனிப் பாடங்களாகவே பெரிதும் கற்பிக்கப்படும் இவ்விரண்டின் உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்பகுப்பும் அதன் விலையும்

பணியைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் முறையின் ஆற்றலை ஆடம் ஸ்மித் 1776இல் வெளியான தம் நூலில் குண்டூசித் தொழிற்சாலையைக் கொண்டு விளக்கினார். பயிற்சியற்ற ஒருவர் தனித்துச் செய்தால் நாளொன்றுக்கு 20 ஊசிகூடச் செய்ய இயலாது. பணியைப் பகுத்துக்கொண்ட பத்துப் பேர் 48,000 ஊசிகளுக்கு மேல் செய்தனர் என்பது அவர் தந்த கணக்கு. 1911இல் ஃபிரெடெரிக் டெய்லர் இக்கருத்தை மேலாண்மைக் கோட்பாடாக வளர்த்தார். ஒவ்வோர் அசைவையும் அளந்து, ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு கூறு என வரையறுக்கும் முறை ஆலைகளிலிருந்து அலுவலகங்களுக்கும் பரவியது.

ஊசித் தொழிலுக்கும் அலுவலகப் பணிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊசி அடுத்தவர் கைக்கு உடனே செல்கிறது. தேங்கினால் அனைவர் கண்ணிலும் படுகிறது. அலுவலகத்தில் தேங்குவது கோப்பு. அது அலமாரியிலோ கணினியின் பட்டியலிலோ மறைந்து கிடக்கும். பணியை எத்தனை கூறுகளாகப் பிரிக்கிறோமோ அதற்கேற்பக் கைமாறும் இடங்களும் பெருகும். கைமாறும் ஒவ்வோர் இடமும் ஒரு வரிசையாக மாறும். தொழிற்பகுப்பு தரும் வேகத்திற்கு நிறுவனம் செலுத்தும் விலை இதுவே.

அவ்விலையை அளக்க ஓர் எளிய விதி உதவுகிறது. ஜான் லிட்டில் 1961இல் கணிதமுறையில் நிறுவியதும் அவர் பெயராலேயே வழங்குவதுமான அவ்விதி, நிலையான ஓட்டமுள்ள எந்த அமைப்பிலும் உள்ளே இருக்கும் பொருள்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தையும் சராசரித் தங்கும் காலத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்கிறது. ஓர் அலுவலகத்திற்கு நாளொன்றுக்கு 40 விண்ணப்பங்கள் வருவதாகவும், நிலுவையில் எந்நேரமும் 1,200 விண்ணப்பங்கள் இருப்பதாகவும் கொள்ளலாம். அப்படியெனில் ஒரு விண்ணப்பம் சராசரியாக 30 வேலைநாள் அங்கே தங்குகிறது. ஒரு விண்ணப்பத்தின்மீது அனைத்து அலுவலரும் செலவிடும் உண்மையான உழைப்பு ஒன்றேகால் மணிநேரம் எனக் கொண்டால், நாளுக்கு எட்டு மணிநேரமாக 240 மணிநேரத்தில் பணி நடந்தது அரை விழுக்காட்டளவே. எஞ்சியது முழுவதும் காத்திருப்பு. நெரிசல் இல்லாத ஒரு மேசைக்கு வேகமான கணினி வழங்கினால் அந்த ஒன்றேகால் மணிநேரத்தில் சில நிமிடங்கள் குறையும். விண்ணப்பித்தவர் அதனை உணரவே மாட்டார். காத்திருப்பு எங்கே, ஏன் நேர்கிறது எனக் காண்பதே முதற்பணியாகிறது.

செயல்முறை மேலாண்மை: பணியின் வழியைக் காணுதல்

ஒரு தேவையில் தொடங்கி, அத்தேவை நிறைவேறும் வரை நிகழும் செயல்களின் தொடரே செயல்முறை. விண்ணப்பம் அளிப்பதிலிருந்து சான்று கையில் கிடைப்பது வரை உள்ளது ஒரு செயல்முறை. சான்றிதழ்ப் பிரிவில் மட்டும் நடப்பது அதன் ஒரு துண்டு. இவ்வரையறையில் தொடக்கமும் முடிவும் பயனாளியின் பக்கம் இருப்பது கருதத்தக்கது. துறையின் வாசலில் தொடங்கித் துறையின் வாசலில் முடியும் வரையறை, வாசலுக்கு வெளியே நேரும் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாது.

செயல்முறை மேலாண்மை ஒரு சுழற்சியாக விளக்கப்படுகிறது. நிறுவனத்தின் முதன்மையான செயல்முறைகள் எவை என இனங்காணுதல், அவை இன்று நடக்கும் விதத்தைக் கண்டறிந்து வரைதல், குறைகளைப் பகுத்தாய்தல், புதிய வழியை வகுத்தல், அதனை நடைமுறைப்படுத்துதல், பின்னர் அளந்து கண்காணித்தல் என்பன அதன் படிகள். கண்காணிப்பில் தெரியவரும் குறை மீண்டும் பகுப்பாய்வுக்கு இட்டுச்செல்லும்.

இவற்றுள் இரண்டாம் படியாகிய கண்டறிதல் எளிதன்று. விதிநூலில் எழுதப்பட்ட வழி ஒன்று. மேலாளர் நினைத்திருக்கும் வழி வேறொன்று. எழுத்தர் உண்மையில் பின்பற்றும் வழி மூன்றாவது. மூன்றாவதை அறிய, பணியிடத்திற்குச் சென்று கோப்பின் பின்னே நடக்க வேண்டும். கண்டறிந்ததைப் பலரும் ஒரே பொருளில் படிக்கும்படி வரைய உருவான குறியீட்டு மொழியே பி.பி.எம்.என். 2004இல் முதலில் வெளியான இதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. 2013இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. இதில் வட்டம் ஒரு நிகழ்வையும், முனை மழுங்கிய செவ்வகம் ஒரு செயலையும், சாய்சதுரம் வழி பிரியும் அல்லது கூடும் இடத்தையும் குறிக்கும். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு தடம் ஒதுக்கப்படும். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் ஒவ்வோர் அம்பும் ஒரு கைமாற்றம். படத்தைப் பார்ப்பவர் முதலில் எண்ண வேண்டியவை அந்த அம்புகளே.

ஃபோர்டு: சரிபார்ப்பை இடம் மாற்றிய சீர்திருத்தம்

பழைய வழியைக் கணினிக்கு மாற்றுவதற்கும் வழியையே மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை மைக்கேல் ஹேமர் 1990இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. அவர் காட்டிய முதன்மைச் சான்று ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கக் கணக்குப் பிரிவு. உதிரிபாகங்கள் வழங்கும் விற்பனையாளர்களுக்குப் பணம் செலுத்தும் அப்பிரிவில் 500க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். கணினிமயமாக்கினால் 20 விழுக்காடு குறைத்து 400 பேரைக் கொண்டு நடத்தலாம் என நிர்வாகம் மதிப்பிட்டது. ஆனால் ஃபோர்டு பங்கு வைத்திருந்த மாஸ்டா நிறுவனத்தில் அதே பணியை ஐந்து பேர் செய்தனர். மாஸ்டா சிறிய நிறுவனம் என்பதைக் கணக்கில் கொண்டபோதும் இவ்வேறுபாடு விளக்கத்திற்கு அடங்கவில்லை.

பழைய வழியில், கொள்முதல் துறை ஆணை எழுதி ஒரு படியைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும். சரக்கு வந்ததும் கிடங்கு ஒரு வரவுச் சீட்டை அனுப்பும். விற்பனையாளர் இன்வாய்ஸ் அனுப்புவார். மூன்று தாள்களிலும் 14 விவரங்கள் பொருந்துகின்றனவா எனச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்தப்படும். பிரிவின் பெரும்பாலான நேரம், பொருந்தாதவற்றின் காரணத்தைத் தேடுவதிலேயே கழிந்தது. தவறு நிகழ்ந்த இடம் கிடங்கு வாசல். தவறு தெரியவந்த இடம் வேறொரு கட்டடத்தின் மேசை. இடையே பல நாள் கடந்துவிட்டிருக்கும்.

புதிய வழியில் இன்வாய்ஸ் நீக்கப்பட்டது. கொள்முதல் துறை ஆணையைப் பொதுவான தரவுத்தளத்தில் பதிவு செய்யும். சரக்கு வரும்போது கிடங்கு எழுத்தர் அதே தரவுத்தளத்தைப் பார்ப்பார். ஆணையோடு பொருந்தினால் சரக்கை ஏற்பார், பொருந்தாவிட்டால் திருப்பியனுப்புவார். ஏற்றதும் பணம் செலுத்தும் ஏற்பாடு தானே தொடங்கும். சரிபார்க்க வேண்டிய விவரங்கள் 14இலிருந்து மூன்றாகக் குறைந்தன: உதிரிபாக எண், அளவை அலகு, விற்பனையாளர் குறியீடு. இவ்வழியில் பணியாளர் எண்ணிக்கை 75 விழுக்காடு குறைந்ததாக ஹேமர் எழுதினார்.

இச்சீர்திருத்தத்தில் சரிபார்ப்பு வேகப்படுத்தப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. தவறு பிறக்கும் இடத்திலேயே அதனைத் தடுக்கும் அதிகாரம் கிடங்கு எழுத்தருக்கு வழங்கப்பட்டது. எனினும் இதனைச் செயல்முறைச் சீர்திருத்தம் என்று மட்டும் கூறுவது முழுமையாகாது. கொள்முதல், கிடங்கு, கணக்கு ஆகிய மூன்றும் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்ததும், உதிரிபாக எண்ணுக்கு மூன்று துறைகளிலும் ஒரே பொருள் இருந்ததும் இதற்கு இன்றியமையாதவை. இவை பணியோட்டப் படத்தில் தெரிபவை அல்ல. நிறுவனக் கட்டமைப்பைச் சார்ந்தவை.

நிறுவனக் கட்டமைப்பியல்: பிணைப்புகளைக் காணுதல்

ஜான் ஸாக்மன் 1987இல் ‘ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஒரு கட்டடத்தை உரிமையாளர், வடிவமைப்பாளர், கட்டுபவர் ஆகியோர் வெவ்வேறு வரைபடங்களின் வழி காண்பர். எந்த ஒரு வரைபடமும் முழுமையன்று. ஆனால் அனைத்தும் ஒரே கட்டடத்தைக் குறிக்க வேண்டும். தகவல் அமைப்புகளுக்கும் இது பொருந்தும் என்றார் ஸாக்மன். அவரது சட்டகம் 1992இல் ஜான் சோவாவுடன் இணைந்து விரிவாக்கப்பட்டபோது ஆறு வினாச்சொற்களை நெடுக்கு வரிசைகளாகக் கொண்டது: எது, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். ‘எது’ என்பது தரவு; ‘எப்படி’ என்பது செயல்முறை; ‘எங்கே’ என்பது இடமும் வலையமைப்பும்; ‘யார்’ என்பது பொறுப்பு; ‘எப்போது’ என்பது காலம்; ‘ஏன்’ என்பது நோக்கம். செயல்முறை இச்சட்டகத்தின் ஆறு வரிசைகளுள் ஒன்று என்பது இரு துறைகளின் உறவைத் தெளிவாக்குகிறது.

பின்னர் வந்த டோகாஃப் என்னும் வழிமுறை 1995இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முந்தைய சட்டகம் ஒன்றை அடியொற்றி வெளியானது. இது நிறுவனத்தை நான்கு அடுக்குகளாகக் காண்கிறது. முதல் அடுக்கு வணிகம்: நோக்கங்கள், பொறுப்புகள், செயல்முறைகள். இரண்டாவது தரவு: நிறுவனம் எவற்றைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கிறது, அவற்றின் உரிமை யாருடையது. மூன்றாவது மென்பொருள்: எந்தப் பயன்பாடு எந்தத் தரவைக் கையாள்கிறது. நான்காவது தொழில்நுட்பம்: சேவையகங்கள், வலையமைப்பு முதலியன. இன்றைய நிலையையும் இலக்கு நிலையையும் நான்கு அடுக்குகளிலும் வரைந்து, இடைவெளியைக் கணித்து, அதனை எவ்வரிசையில் கடப்பது எனத் திட்டமிடுவதே இவ்வழிமுறையின் சாரம்.

இப்படங்களின் பயன் ஒரு மாற்றம் முன்மொழியப்படும்போது வெளிப்படும். ஒரு மென்பொருளை நிறுத்தினால் எந்தச் செயல்முறைகள் தடைப்படும், ஒரு விதி மாறினால் எந்தத் தரவுகளைத் திருத்த வேண்டும், ஒரே விவரத்தை எத்தனை இடங்களில் தனித்தனியே பதிகிறோம் என்னும் வினாக்களுக்கு, பிணைப்புகளை முன்கூட்டியே வரைந்து வைத்த நிறுவனம் விரைவில் விடை காணும். வரையாத நிறுவனமோ, மாற்றத்தைச் செய்து பார்த்து, தடைப்பட்ட பின்னரே அறியும்.

புலனாய்வு அமைப்பின் கோப்பு மென்பொருள்: கட்டமைப்பின்றித் தொடங்கிய பணி

அமெரிக்க அரசுத் துறைகளின் தலைமைத் தகவல் அலுவலர்கள் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பை உருவாக்கிப் பேண வேண்டும் என 1996ஆம் ஆண்டின் கிளிங்கர்–கோஹன் சட்டம் விதித்தது. சட்டம் இருந்தும் அதனை நிறைவேற்றாத துறைக்கு நேர்ந்ததைக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பாகிய எஃப்.பி.ஐ.யின் பட்டறிவு காட்டுகிறது.

அவ்வமைப்பின் வழக்குக் கோப்புகள் பெரிதும் தாளையே சார்ந்திருந்தன. 1995 முதல் பயன்பாட்டில் இருந்த கணினி முறையும் கையாளக் கடினமானதாக இருந்தது. 2001இல் ‘மெய்நிகர் வழக்குக் கோப்பு’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட மென்பொருளாக உருப்பெற்ற திட்டம், தொடக்கத்தில் பழைய முறைக்குப் புதிய முகப்பு அமைப்பதையே நோக்கமாகக் கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், பழைய முறையையே முழுமையாக மாற்றும் திட்டமாக விரிந்தது. தேவைகள் தொடர்ந்து மாறின. திட்டத்தின் தலைமையும் மாறியது. எத்தனை முறைகளில் எந்தத் தரவு உள்ளது, எது எதனோடு இணைய வேண்டும் என்பதைக் காட்டும் நிறுவனக் கட்டமைப்பு அப்போது அங்கே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் இக்குறையைச் சுட்டியது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின், 2005இல் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை, தெளிவாக வரையறுக்கப்படாத தேவைகளோடு நிறுவனக் கட்டமைப்பு இன்மையையும் தோல்விக்கான காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. அடுத்துத் தொடங்கிய ‘செண்டினல்’ என்னும் திட்டம் 2012இல்தான் அனைவரின் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

நிரல் எழுதுவோர் தவறினர் என்று மட்டும் இதனை முடிப்பது பொருந்தாது. எந்தக் கட்டடத்தின் எந்த அறையைக் கட்டுகிறோம் என்பது முடிவாகாத நிலையில், சுவர் எவ்வளவு செம்மையாக எழும்பினாலும் இடிக்கப்படவே வாய்ப்பு மிகுதி. தேவை மாறுவது இயல்பு. ஒரு தேவை மாறினால் வேறு எவையெல்லாம் மாற வேண்டும் என்பதைக் காட்டும் படம் இல்லாததே அம்மாற்றத்தைத் தாங்க முடியாததாக்கியது.

அமைப்பும் ஓட்டமும் சந்திக்கும் இடம்

மெல்வின் கான்வே 1968இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு குழு உருவாக்கும் அமைப்பு, அக்குழுவினரின் தொடர்பு முறையையே பிரதிபலிக்கும். ஒன்றோடொன்று பேசாத இரு துறைகளின் மென்பொருள்களும் ஒன்றோடொன்று பேசா. கான்வேயின் இக்கருத்து, மேற்கண்ட இரு நிகழ்வுகளையும் இணைத்துப் பார்க்க உதவுகிறது.

பணியோட்டத்தை மட்டும் சீர்செய்யும் நிறுவனம், புதிய வழியைப் படத்தில் வரைந்துவிட்டு, அதற்கு வேண்டிய தரவு வேறு துறையின் மூடிய முறையில் இருப்பதைப் பின்னர் அறியும். கட்டமைப்பை மட்டும் வரையும் நிறுவனம், நான்கு அடுக்குகளையும் ஒழுங்காகப் பட்டியலிட்டு அலமாரியில் வைக்கும். விண்ணப்பதாரரின் 30 நாள் அப்படியே இருக்கும். ஓட்டம் இன்றி அமைப்பு உயிரற்ற பட்டியல்; அமைப்பு இன்றி ஓட்டம் நிறைவேறாத விருப்பம். இரண்டையும் ஒருசேரக் கருதிய முயற்சிக்கு இந்தியக் கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம் தக்க சான்று.

கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம்

1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி கடவுச்சீட்டு வழங்குவது வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா எனப் பணி தேடிச் செல்வோருக்கு இச்செயல்முறையின் தாமதம் வேலை இழப்பாகவே முடியக்கூடும். எனவே இங்கே காத்திருப்பின் சுமை அலுவலகத்தைவிடக் குடிமகன் மேலேயே விழுகிறது.

இச்சேவையைச் சீரமைக்க டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2010இல் கர்நாடகத்திலும் சண்டிகர் மண்டலத்திலும் முன்னோட்டமாகச் சேவை மையங்கள் தொடங்கின. 2012க்குள் நாடெங்கும் 77 மையங்கள் அமைந்தன. இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாளும் நேரமும் பெற்றுக்கொண்டு விண்ணப்பதாரர் மையத்திற்கு வருகிறார். அங்கே மூன்று வகை முகப்புகள் உள்ளன. முதல் முகப்பில் சேவை நிறுவனத்தின் பணியாளர் ஆவணங்களை ஒளிவருடிப் பதிந்து, நிழற்படமும் கைரேகையும் எடுக்கிறார். இரண்டாம் முகப்பில் அரசு அலுவலர் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். மூன்றாம் முகப்பில் மற்றோர் அரசு அலுவலர் வழங்குவது குறித்து முடிவெடுக்கிறார்.

ஓட்டத்தின் நோக்கில் மூன்று மாற்றங்கள் இதில் தெரிகின்றன. முன்பதிவு, வாசலில் நின்ற வரிசையை நாட்காட்டிக்கு மாற்றி, வருகையைச் சீராக்கியது. முதல் முகப்பிலேயே ஆவணம் மின்வடிவம் பெறுவதால் அடுத்த முகப்புகளில் தாள் கைமாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் விண்ணப்பதாரர் எதிரிலேயே இருப்பதால் உடனே கேட்டுத் தெளியலாம். கடிதம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிடங்கு வாசலுக்குச் சரிபார்ப்பை நகர்த்திய ஃபோர்டின் வழியும் இதுவும் ஒரே கருத்தில் எழுந்தவை.

கட்டமைப்பின் நோக்கில், யார் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை தரப்பட்டது. தரவைத் திரட்டுவது தனியார் பணியாளரின் வேலை. சரிபார்ப்பதும் வழங்குவதும் அரசின் இறையாண்மை சார்ந்த பணிகள் என்பதால் அரசு அலுவலரிடமே நின்றன. பல அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரே தரவு முறை இவ்வனைத்தையும் தாங்கியது. இக்கட்டமைப்பு இருந்ததாலேயே 2017இல் அஞ்சல் நிலையங்களிலும் சேவை மையங்களைத் தொடங்க இயன்றது. மைசூரு, தாஹோத் ஆகிய இரு இடங்களில் தொடங்கிய அவ்விரிவாக்கத்திற்குப் புதிய முறை எதுவும் தேவைப்படவில்லை. இருந்த முறையோடு அஞ்சல் துறையின் கட்டடங்கள் இணைந்தன.

ஆயினும் ஓர் எல்லையை இத்திட்டத்தால் நேரடியாகக் கடக்க முடியவில்லை. விண்ணப்பதாரரைப் பற்றிய காவல்துறைச் சரிபார்ப்பு செயல்முறையின் ஒரு படி. ஆனால் காவல்துறை, அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மையத்தில் சில மணிநேரத்தில் முடியும் பணிக்கும், காவல் நிலையத்தில் நடக்கும் பணிக்கும் பொதுவான மேலதிகாரி இல்லை. இங்கே இரு வழிகள் பின்பற்றப்பட்டன. ஒன்று, அறிக்கை மின்னணு முறையில் செல்லும் இணைப்பும், களத்திலிருந்தே பதிவதற்கான செயலியும். மற்றொன்று, படிகளின் வரிசையை மாற்றியது. ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவற்றுடன் குற்ற வழக்கு இல்லை என்னும் உறுதிமொழியும் அளிக்கும் முதன்முறை விண்ணப்பதாரர்களுக்கு, கடவுச்சீட்டு வழங்கிய பின் சரிபார்ப்பு நடத்தலாம் என 2016இல் விதி தளர்த்தப்பட்டது. காவல்துறையின் வேகத்தை மாற்றாமலே, அது விண்ணப்பதாரரின் காத்திருப்பைத் தீர்மானிக்கும் நிலை இவ்வகையினருக்கு மாற்றப்பட்டது. கட்டமைப்பின் எல்லை எங்கே உள்ளது எனத் தெளிவாக அறிந்திருந்தால்தான், அதனைச் சுற்றி ஓட்டத்தைத் திருப்ப இயலும்.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

இத்துறைகள் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. ஹேமரின் கருத்து 1990களில் பெருவழக்கானபோது, மறுசீரமைப்பு என்னும் சொல் ஆட்குறைப்புக்கு மறுபெயராகவே பல நிறுவனங்களில் ஆயிற்று. அக்கருத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட்டே 1995இல், அது மனிதர்களை மறந்துவிட்டது எனக் கண்டித்து எழுதினார். கைமாற்றம் குறையும்போது மிஞ்சும் உழைப்பை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு விடையளிக்காத சீர்திருத்தம் பணியாளரின் ஒத்துழைப்பை இழக்கும். அவர்களின் ஒத்துழைப்பு இன்றி உண்மையான வழியைக் கண்டறியவும் இயலாது. ஏனெனில் விதிவிலக்குகளை அறிந்தவர்கள் அவர்களே.

எல்லாப் பணிகளும் அம்புக்குறிப் படத்திற்குள் அடங்குவதில்லை என்பது மற்றோர் எச்சரிக்கை. மருத்துவரின் நோயறிதலும் புலனாய்வாளரின் விசாரணையும் சூழலுக்கேற்பத் திசை மாறுபவை. அவற்றிற்கு வரிசையை வகுப்பதைவிட, தேவையான தரவு உரிய நேரத்தில் கிடைக்கும்படி செய்வதே பயன் தரும். மேலும் வரைபடங்கள் விரைவில் பழமையடையும். யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றுப் புதுப்பிக்காத படம், தவறான நம்பிக்கையை ஊட்டுவதால் படமே இல்லாததைவிடத் தீங்கானது. எனவே ஒவ்வொரு செயல்முறைக்கும் துறை எல்லைகளைக் கடந்து தொடக்கம் முதல் முடிவு வரை பொறுப்பேற்கும் ஓர் உரிமையாளரை அமர்த்துவது அடிப்படைத் தேவையாகக் கருதப்படுகிறது.

இந்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் இந்திய நிறுவனக் கட்டமைப்புச் சட்டகத்தை வெளியிட்டது. துறைகள் தனித்தனித் தீவுகளாகக் கணினிமயமாவதைத் தவிர்த்து, அரசினை ஒரே நிறுவனமாகக் காணுதல் அதன் நோக்கம். இத்தகைய சட்டகங்கள் வழிகாட்டும். ஆனால் எல்லைகளில் தேங்கும் பணிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை ஒவ்வொரு துறையுமே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

நிறுவனத்தில் தாமதத்தின் பெரும்பகுதி மேசையில் நிகழ்வதில்லை. மேசைகளுக்கு இடையே நிகழ்கிறது. தனித்தனி மேசைகளைக் கணினிமயமாக்குவது அதனைத் தீர்க்காது.

செயல்முறையைப் பயனாளியின் தேவையில் தொடங்கி அத்தேவை நிறைவேறும் வரை வரையறுத்தால்தான் இடைவெளிகள் புலப்படும். சரிபார்ப்பை வேகப்படுத்துவதைவிட அதனைத் தவறு பிறக்கும் இடத்திற்கு நகர்த்துவது மிகுந்த பயன் தரும் என்பதை ஃபோர்டின் பட்டறிவு காட்டுகிறது.

தரவின் உரிமை, மென்பொருள்களின் பிணைப்பு, பொறுப்பின் எல்லை ஆகியவற்றைத் தீர்மானிக்காமல் தொடங்கும் பெருந்திட்டம், தேவை மாறும்போது நிலைகுலையும் என்பதற்கு எஃப்.பி.ஐ.யின் கைவிடப்பட்ட மென்பொருள் சான்றாகிறது.

இரண்டையும் இணைத்துக் கருதிய கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம், தன் அதிகாரத்திற்கு உட்பட்ட படிகளைத் திருத்தியது. உட்படாத படியின் இடத்தை மாற்றியது.

ஆகவே ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ புதிய மென்பொருளுக்கான ஒப்பந்தத்தை வெளியிடும் முன், இப்பணி யாருடைய தேவையில் தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை முறை கைமாறுகிறது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எவ்வளவு காத்திருக்கிறது, அதற்கு வேண்டிய தரவு யாருடையது, முழு வழிக்கும் பொறுப்பு யார் என்னும் வினாக்களுக்கு எழுத்துவடிவில் விடை காண்பது இன்றியமையாதது. இவ்விடைகளைப் பெற மென்பொருள் எதுவும் தேவையில்லை. இவை பெறப்படாத இடத்தில் வாங்கப்படும் மென்பொருள், பழைய காத்திருப்பைப் புதிய திரையில் காட்டுவதோடு நின்றுவிடும்.